வேன் வண்டியில் வாழும் நான் பல் சிகிச்சைக்கு மெக்சிகோ எல்லையைக் கடக்கலாமா?

கூடுவண்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 63 வயது. மூன்று ஆண்டுகளாக ஒரு பழைய வேனே என் வீடு. கோடையில் மலைப்பகுதிகளுக்குச் சென்றுவிட்டு, குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்சைட் அருகே அரசின் பொது நிலத்தில் தங்குகிறேன். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமாக மாதம் 1,180 டாலர் வருகிறது. வாடகை இல்லாததால், பெட்ரோல், வண்டிக் காப்பீடு, சமையல், தொலைபேசி எல்லாம் போக, கவனமாக இருந்தால் மாதம் 150 டாலர் வரை மிச்சம் பிடிக்க முடிகிறது.

இடப்பக்கக் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டு, இரவில் தூங்க முடியாத அளவுக்கு வலிக்கிறது. வலப்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பல் இல்லை. பார்த்த மருத்துவமனையில் ரூட் கேனலுக்கும் (பல்வேர்ச் சிகிச்சை) கிரவுனுக்கும் (பல்லுக்கு மேலுறை) சேர்த்து 2,900 டாலர், இல்லாத பல்லுக்கு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) பொருத்த 4,600 டாலர் என்று எழுதிக் கொடுத்தார்கள். என் சேமிப்பு முழுவதையும் கொடுத்தாலும் முதல் தொகைக்கே போதாது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 65 வயதில்தான் தொடங்கும். தொடங்கினாலும் வழக்கமான பல் சிகிச்சை அதில் வராது என்கிறார்கள். வண்டியைப் பதிவு செய்திருக்கும் முகவரி டெக்சாஸில் உள்ளதால், வருமானம் குறைந்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டும் என் வயதில் கிடைக்கவில்லை. இந்தியா சென்று வரலாம் என்றால், விமானக் கட்டணமும் வண்டியை நிறுத்தி வைக்கும் செலவும் சேர்ந்து மிச்சமாகும் தொகையை விழுங்கிவிடும்.

யூமாவுக்கு அருகே எல்லைக்கு அப்பால் உள்ள லாஸ் அல்கொதோனெஸ் என்ற ஊருக்குப் பலரும் செல்வதைப் பார்க்கிறேன். என்னிடம் கிரீன் கார்டும் இந்தியக் கடவுச்சீட்டும் உள்ளன. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். ஏப்ரலில் வடக்கே கிளம்பிய பிறகு பல்லில் ஏதாவது கோளாறு ஏற்பட்டால் என்ன செய்வது என்பதே என் பெரிய அச்சம். சென்று வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நெடுவழி எழுதியது:

வணக்கம் அம்மா. நானும் என் மனைவியும் மூன்று குளிர்காலங்களில் அங்கே சிகிச்சை பெற்றிருக்கிறோம். சில ஆயிரம் மக்களே வாழும் அந்தச் சிற்றூரில் பல் மருத்துவர்கள் மட்டும் சில நூறு பேர் இருக்கிறார்கள்; அதனால்தான் ‘கடைவாய்ப் பல் நகரம்’ என்று ஆங்கிலத்தில் அதற்குப் பட்டப்பெயரே உண்டு. அமெரிக்காவில் 1,400 டாலர் கேட்ட கிரவுனை நான் அங்கே 420 டாலருக்குப் பொருத்திக்கொண்டேன். நான்கு ஆண்டுகளாக உறுதியாக நிற்கிறது. ஆனால் இரண்டாம் முறை வேறொரு இடத்தில், விலை இன்னும் குறைவு என்று அவசரப்பட்டுச் செய்த கிரவுன் எட்டே மாதத்தில் கழன்றது. அப்போது நாங்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தோம். உங்கள் அச்சம் நியாயமானது என்று சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன்.

நம்மைப் போன்றவர்களிடம் பணம் இல்லாவிட்டாலும் நேரம் இருக்கிறது. விமானத்தில் வந்து மூன்று நாட்களில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு பறப்பவர்களுக்கு இல்லாத வசதி அது. எனவே சிகிச்சையைக் குளிர்காலத்தின் இறுதியில் வைத்துக்கொள்ளாமல் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அதன் பிறகு பல வாரங்கள் எல்லைக்கு அருகிலேயே தங்குங்கள். கடித்துப் பார்க்கும்போது உயரம் சரியில்லை, ஈறு வீங்குகிறது, தற்காலிக கிரவுன் கழன்றுவிட்டது என்பன போன்ற தொல்லைகள் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தலைகாட்டும். அருகில் இருந்தால் அதே மருத்துவரிடம் மறுநாளே போய் நிற்கலாம்.

குவார்ட்சைட்டிலிருந்து யூமா ஏறத்தாழ 80 மைல். ஒவ்வொரு முறையும் அங்கிருந்து வந்து போனால் பெட்ரோலே சேமிப்பைத் தின்றுவிடும். யூமாவுக்கு வடக்கே இம்பீரியல் அணைக்கு அருகில் நீண்டகாலத் தங்கலுக்கான பொது நிலம் இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க நான் கட்டியது 180 டாலர். இரண்டு வார அனுமதிக்கு அப்போது 40 டாலர். தண்ணீரும் கழிவு கொட்டும் இடமும் உண்டு. இலவச நிலங்களில் 14 நாட்களுக்கு ஒருமுறை இடம் மாற வேண்டியிருக்கும். வாயில் தையலோடு அந்த அலைச்சல் வேண்டாம்.

எல்லைக்கு வண்டியை ஓட்டிச் செல்லாதீர்கள். உங்கள் அமெரிக்க வண்டிக் காப்பீடு அங்கே செல்லாது. தனியாக மெக்சிகோ காப்பீடு எடுக்க வேண்டும். ஆண்ட்ரேட் எல்லைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் கெச்சான் பழங்குடியினர் நடத்தும் கட்டண நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்தே கடக்கலாம். மருத்துவமனைகள் சில நிமிட நடையில் இருக்கின்றன. தெருவில் வழிமறித்துத் தங்கள் மருத்துவமனைக்கு அழைப்பவர்களைப் பணிவாக விலக்கிவிட்டு நேராகச் செல்லுங்கள்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய ‘செதுலா’ எனப்படும் தொழில் உரிம எண்ணைக் கேளுங்கள். மெக்சிகோ கல்வி அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரை இட்டால் அவர் எங்கே, எந்தப் படிப்பு முடித்தார் என்று எவரும் பார்க்கலாம். ரூட் கேனலை அதற்கென மேற்படிப்பு படித்தவரிடமே செய்துகொள்ளுங்கள். முதல் நாளில் பரிசோதனையும் எழுத்து வடிவ விலைப்பட்டியலும் மட்டும் போதும். அன்றே நாற்காலியில் உட்காரச் சொல்லி அவசரப்படுத்தும் இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

வெண்கிழக்கு எழுதியது:

ஆவணங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அமெரிக்கக் குடிமக்கள் சொல்லும் வழிமுறை உங்களுக்கு அப்படியே பொருந்தாது. அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் மெக்சிகோவுக்கு விசா எடுக்க வேண்டியதில்லை. செல்லத்தக்க கடவுச்சீட்டும் கிரீன் கார்டும் இரண்டும் மூலப்பிரதியாகக் கையில் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது கிரீன் கார்டே உங்கள் நுழைவுச்சீட்டு. அது காலாவதியாகப் போகிறதா என்று இன்றே பாருங்கள்.

வேனில் வாழ்பவர்கள் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பதுண்டு. பையின் அடியில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் மெக்சிகோவில் அது கடுமையான குற்றம். பையை முழுவதும் கொட்டிப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

அங்குள்ள மருந்துக் கடைகளில் வலி மாத்திரைகளைத் தனியாக வாங்க வேண்டாம். வட மெக்சிகோவின் சுற்றுலா ஊர்களில் சில மருந்துக் கடைகள் ஃபென்டனில் என்ற மிக வலுவான, உயிருக்கு ஆபத்தான போதைமருந்து கலந்த போலி மாத்திரைகளை விற்றது 2023-ஆம் ஆண்டு வெளிவந்து, அமெரிக்க வெளியுறவுத் துறையும் எச்சரித்தது. நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு 2010 முதல் அங்கேயும் மருந்துச்சீட்டு கட்டாயம். எனவே சிகிச்சை அளிக்கும் மருத்துவரே எழுதித் தருவதை மட்டும் வாங்குங்கள்.

ஈறுமருத்துவர் எழுதியது:

நான் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். தூங்க விடாத வலி என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திட்டமிட்டுத் தள்ளிப்போடாதீர்கள். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ எல்லையைப் பற்றி எண்ணாமல் அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கூட்டாட்சி நிதி பெறும் சமூக சுகாதார நிலையங்கள் வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைக்கக் கடமைப்பட்டவை. பணம் இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக்கூடாது. உங்கள் வருமானம் அந்தச் சலுகையின் மிகக் கீழ்ப்படியில் வருகிறது. பல நிலையங்களில் பல் பிரிவும் உண்டு. அங்கே எக்ஸ்ரே எடுத்து, விரிசல் வேர்வரை இறங்கியிருக்கிறதா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். இறங்கியிருந்தால் எவ்வளவு மலிவான ரூட் கேனலும் வீண் செலவு. பல்லை எடுப்பதே சரி. இதை எல்லைக்கு அப்பால் சிகிச்சையை விற்பவரிடம் முதன்முதலாகக் கேட்பதை விட, விற்க எதுவும் இல்லாதவரிடம் கேட்டுவிட்டுச் செல்வது நல்லது.

இம்பிளான்ட்டை இந்த ஆண்டு விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. தாடை எலும்பு அதைப் பற்றிக்கொள்ளப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். அதாவது அடுத்த குளிர்காலத்தில்தான் அதன் மேல் செயற்கைப் பல்லைப் பொருத்த முடியும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறுவதும் தாமதமாகும். எப்போது செய்தாலும், இம்பிளான்ட் பெட்டியில் ஒட்டியிருக்கும் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் கொண்ட ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கி, எக்ஸ்ரே படங்களோடு வைத்திருங்கள். திருகு தளர்ந்து வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், எந்தக் கருவி பொருந்தும் என்பது அந்தச் சீட்டிலிருந்துதான் அவருக்குத் தெரியும்.

கூடுவண்டி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இம்பிளான்ட்டை ஒதுக்கிவிட்டேன். நாளை யூமா சென்று சுகாதார நிலையத்தில் எக்ஸ்ரே எடுக்கப் பதிவு செய்துவிட்டேன். பல்லைக் காப்பாற்றலாம் என்றால் இம்பீரியல் அணையருகே இரண்டு வார அனுமதி எடுத்து, எல்லைக்கு அப்பால் இரண்டு மருத்துவர்களிடம் விலை கேட்பேன். காலை ஒன்பது மணிக்கு நேரம் வாங்கினால் மதியத்துக்குள் திரும்ப முடியுமா?

நெடுவழி எழுதியது:

குளிர்காலத்தில் யூமாவின் நேரத்தை விட லாஸ் அல்கொதோனெஸின் நேரம் ஒரு மணி நேரம் பின்தங்கியது அம்மா; அவர்களுடைய ஒன்பது மணி உங்கள் கடிகாரத்தில் பத்து. அதையே முதல் நேரமாக வாங்குங்கள். சனவரி, பிப்ரவரி பிற்பகல்களில் திரும்பி வரும் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறோம்; தண்ணீரும் தொப்பியும் மடக்கு நாற்காலியும் எடுத்துச் செல்லுங்கள். மரத்துப்போன வாயோடு வண்டி ஓட்டத் தயக்கமாக இருந்தால், அன்று நாங்களே உங்களை அழைத்துச் சென்று வருகிறோம். பிப்ரவரி இறுதிவரை நாங்களும் அணையருகில்தான் இருப்போம். இந்தத் தளத்தின் தனிச்செய்தி வழியாகத் தேதியைத் தெரிவியுங்கள்.