புதுப்பிப்பு: விளம்பரக் கத்தியில் இருந்த துளை

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரப் பழம்பொருள் சந்தையில் வாங்கிய பேனாக்கத்தியின் படத்தைப் போட்டு, கைப்பிடியில் கடுகளவு துளை எதற்கு என்று போன மாதம் கேட்டிருந்தேன். சாவி வளையம் மாட்ட என்றார்கள் பலர். அதற்கு இல்லை. வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, துளையைக் கண்ணோடு ஒட்டி வைத்தால் உள்ளே தாடிக்காரர் ஒருவர் தெரிகிறார்! அடால்ஃபஸ் புஷ், அன்ஹைசர்-புஷ் பீர் கம்பெனி முதலாளி. விசிட்டிங் கார்டுக்குப் பதிலாக இந்தக் கத்தியைத்தான் நீட்டுவாராம். மனுஷன் 1913இல் இறந்துவிட்டார், விளம்பரம் இன்னும் ஓடுகிறது.

உள்ளே இருப்பது ஸ்டான்ஹோப் வில்லை. சின்னக் கண்ணாடிக் குச்சி; குவிந்த முனை பூதக்கண்ணாடியாக வேலை செய்யும், தட்டையான மறுமுனையில் கடுகைவிடச் சிறிய புகைப்படம் ஒட்டியிருக்கும். 1859இல் பிரான்சின் ரெனே டாக்ரோன் காப்புரிமை வாங்கிய உத்தி. ஒட்டப் பயன்பட்டது கனடா பால்சம் என்ற மரப்பிசின்; ஸ்பிரிட் பட்டால் பிடிப்பு விட்டுவிடலாம். அதனால், துரு போக முழுக் கத்தியையும் ஸ்பிரிட்டில் ஊறப்போடச் சொன்ன நண்பரே, மன்னிக்கவும்!

எண்ணெய் தொட்ட துணியால் அலகை மட்டும் துடைத்தேன். ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்ப் பெயர் தெரிகிறது. கார்க் திருகி மட்டும் மடங்க மாட்டேன் என்கிறது, இருக்கட்டும். அப்புறம், விலை கேட்டவர்களுக்கு: விற்கவில்லை.