‘எங்கட ஆக்கள்’ குழுவில் ஒரு கட்டுரைக் கொப்பி

சுதா (கிளிநொச்சி): பெரியம்மா, மகன் எழுதியதைப் பாருங்கள்.
[படம்]
“மாமாவுடன் இரனைமடு குளத்துக்கு போனோம். வான்கதவை திறந்து விட்டார்கள். தன்னீர் பெரிய சத்தம் போட்டது. நான் மாமாவின் கையை பிடித்தேன்.”

சுதா: இலக்கணத்துக்கு ஒரு கொப்பி, சொல்வதெழுதலுக்கு ஒன்று, கட்டுரைக்கு ஒன்று. இலக்கணக் கொப்பியில் எல்லாம் சரி. கட்டுரைக்கு வந்தால் படித்த ஒன்றையும் காணோம்.

சித்தப்பா (விசுவமடு): வான்கதவு எத்தனை திறந்தவர்களாம்?

சுதா: அவன் எண்ணவில்லை சித்தப்பா 😄

பெரியம்மா (வவுனியா): கடைசி வரியைப் பார்த்தாயா பிள்ளை? பயந்தேன் என்று எழுதாமல் கையைப் பிடித்ததை எழுதியிருக்கிறான். தரம் 4 பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

சுதா: ஓம், நானும் சொன்னேன். ஆனால் அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. பிழைக்குப் புள்ளி வெட்டுவார்களே.

பெரியம்மா: சரி, பிழைக்கு வருவோம். குளத்துக்கு, வான்கதவை, கையை. மூன்று இடத்திலும் ஒரே பிழைதான். ‘ஐ’, ‘கு’ உருபுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். அவனுடைய கட்டுரையையே நாளைக்கு இலக்கணப் பாடமாக்கு. ‘ஐ’, ‘கு’ வந்த சொல்லுக்கெல்லாம் பென்சிலால் கோடு போடச் சொல். அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்து அவனே ஒற்றைப் போடட்டும். பிறகு வாய்விட்டு வாசிக்கச் சொல். கையைப் பிடித்தேன். காதுக்கே விளங்கும்.

சுதா: ‘இரணைமடுக் குளத்துக்கு’ என்றுதானே வரவேண்டும்? அதையும் சொல்லவா?

பெரியம்மா: அது வேறு விதி. இப்போது விடு. ஒரு கிழமைக்கு ஒரு விதி போதும். எல்லாவற்றையும் சிவப்பால் சுழித்தால் அடுத்த முறை இரண்டு வரியோடு நிறுத்திவிடுவான்.

வினோ (லண்டன்): பெரியம்மா, எனக்கும் இதே தலையிடி. மகளை வீட்டில்தான் படிப்பிக்கிறோம். இங்கே 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி அதற்கு இடம் இருக்கிறது, தேசிய பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்றும் இல்லை. எழுத்துக்கு ஒரு புத்தகம், இலக்கணத்துக்கு ஒன்று, ஸ்பெல்லிங்குக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பட்டியலில் கேட்டால் ‘தெயர்’ (there, their) இரண்டையும் சரியாக எழுதுகிறாள். கதை எழுதும்போது ‘அங்கே’ வரவேண்டிய இடத்தில் ‘அவர்களுடைய’ வந்து நிற்கிறது.

பெரியம்மா: மொழி வேறு, நோய் ஒன்று 😀

வினோ: சார்லட் மேசன் என்று ஓர் ஆங்கிலேயக் கல்வியாளர், 1842 முதல் 1923 வரை வாழ்ந்தவர். சொல்வதெழுதலுக்கு முன் அந்தப் பந்தியைப் பிள்ளை நன்றாகப் பார்த்துப் படிக்க வேண்டும் என்கிறார். பிழையாக எழுதிய சொல்லை உடனே சின்னக் காகிதத் துண்டு ஒட்டி மறைக்க வேண்டுமாம். பிழை உருவம் கண்ணில் பதியக் கூடாது என்று.

பெரியம்மா: அந்த அம்மாவோடு எனக்கு ஒத்துப்போகும். தெரியாத சொல்லைக் கேட்டுப் பிழை பிடிப்பது சோதனை, படிப்பித்தல் இல்லை.

சுதா: ‘தன்னீர்’, ‘இரனைமடு’ இரண்டையும் என்ன செய்வது?

பெரியம்மா: எழுத்தின் பெயரையே சொல்லிக் கொடு. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். ட-வுக்கு முன்னால் ண: நண்டு, வண்டி. ற-வுக்கு முன்னால் ன: கன்று, பன்றி. த-வுக்கு முன்னால் ந: பந்து. வினோவின் ஊரும் டண்ணகரம்தான். தண்ணீரும் இரணைமடுவும் இதற்குள் அடங்காது. அவற்றைப் பார்த்தெழுதித்தான் பழக வேண்டும்.

வினோ: அப்படியென்றால் இலக்கணப் புத்தகமே வேண்டாமா?

பெரியம்மா: யார் சொன்னது? வேற்றுமை உருபு என்றால் என்ன என்று தெரியாத பிள்ளை எதற்குக் கோடு போடும்? எட்டு வேற்றுமையையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு சுதா. புத்தகம் தேடிப் பார்ப்பதற்கு. வரிசைப்படி முடிப்பதற்கு இல்லை.

சுதா: வினோ அண்ணாவுக்கு முழு நாளும் இருக்கிறது. இங்கே 5 முதல் 16 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம். இவன் ரியூசனும் முடிந்து வர ஆறரை. சாப்பிட்டால் கண் சொக்கும்.

பெரியம்மா: அதற்காகத்தான் சொல்கிறேன், மூன்று கொப்பியையும் ஒன்றாக்கு. திங்கள் எழுதட்டும், ஐந்தாறு வரி போதும். செவ்வாய் அதிலிருந்து ஒரு இலக்கணம். புதன் பிழைத்த சொற்களை இரண்டு மூன்று வசனத்தில் வைத்துப் படிக்கக் கொடு, பிறகு சொல்வதெழுதல். வியாழன் திருத்திய கட்டுரையை நல்ல எழுத்தில் எழுதட்டும். கால் மணித்தியாலத்துக்கு மேல் இருத்தி வைக்காதே. வெள்ளி கோயில்.

சித்தப்பா: எனக்கும் ஒரு கொப்பி வாங்குங்கள்.

வினோ: இதே கிழமைக் கணக்கை ஆங்கிலத்துக்கும் வைக்கலாமா பெரியம்மா?

பெரியம்மா: வை. கோயில் தூரமென்றால் வெள்ளிக்கிழமை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போ.