கடல்ல 30 பாகம் ஆழத்துக்கு கேமரா இறக்கணும், 4 இன்ச் பிவிசி பைப் தாங்குமா?

உப்புக்காத்து:
வணக்கம் மக்களே, நான் தூத்துக்குடி. பெரியப்பா வள்ளத்துல அடிக்கடி கூடப் போவேன், கடலுக்கடியில ஒரு பார் (பாறைத்திட்டு) இருக்கு, அங்க நங்கூரம் போட்டா மாட்டிக்குது, வலையும் கிழியுது, கீழ என்னதான் கிடக்குனு ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க. கயித்துல குண்டு கட்டி விட்டுப் பாத்ததுல 30 பாகம், சுமாரா 55 மீட்டர். சரி நாமளே ஒரு ஆர்ஓவி (மேல இருந்தே ஓட்டுற, ஆளில்லாத நீர்மூழ்கி வண்டி) செஞ்சு இறக்கிருவோம்னு கிளம்பிட்டேன். 4 இன்ச் 6 கேஜி (சதுர செ.மீ.க்கு 6 கிலோ பிரஷர் தாங்குற) பைப் அரை மீட்டர், ரெண்டு பக்கம் எண்ட் கேப், உள்ள ராஸ்பெர்ரி பைனு ஒரு குட்டி கம்ப்யூட்டர், கேமரா, வெளிய நாலு மோட்டார். வள்ளத்துல 12 வோல்ட் பேட்டரி, 100 மீட்டர் கேட்5 (நெட்வொர்க்) கேபிள்லயே கரண்டும் வீடியோவும். 6 கேஜின்னா 60 மீட்டர் தாங்கணும்ல? வயர் இல்லாம வைஃபைல ஓட்ட முடியுமா? கையில 25 ஆயிரம் இருக்கு.

சால்டரிங்_மணி:
தம்பி வைஃபையை மறந்துருங்க, உப்புத்தண்ணியில ஒரு சாண்கூட போகாது, வயர் இருந்தே ஆகணும்.

அந்த 6 கேஜி உள்ள இருந்து தள்ளுற பிரஷருக்குப் போட்ட கணக்கு. உங்களுக்கு வெளிய இருந்துல்ல அமுக்குது? வெளிய இருந்து அமுக்குனா பைப் வெடிக்காது, சப்பையாகும், அதுக்குக் கணக்கே வேற. தோராயமா போட்டுப் பாத்தேன், 4 இன்ச் பைப் 25, 30 மீட்டர்லயே போயிடும். அதே தடிமன்ல விட்டத்தைப் பாதியாக்கினா எட்டு மடங்கு தாங்கும். அதனால 2 இன்ச் 10 கேஜி பைப்ல போங்க, ராஸ்பெர்ரி பையிலயே சின்னதான பை ஜீரோ உள்ள போயிரும், பேட்டரியையும் கீழ இறக்கணும் (ஏன்னு அப்புறம் சொல்றேன்), அதுக்குத் தனியா இன்னொரு குழாய். எண்ட் கேப்பையும் யோசிங்க, 10 மீட்டருக்கு ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ ஏறுது, 55 மீட்டர்ல உங்க 4 இன்ச் மூடி ஒண்ணு மேல அரை டன், ஒரு எருமை ஏறி நிக்கிற மாதிரி.

கரண்டு விஷயம். கேட்5ல ஒரு கம்பி 100 மீட்டருக்கு 9 ஓம் சொச்சம், போக வர 18. 12 வோல்ட்டை மேல குடுத்து கீழ ஷார்ட்டே பண்ணினாலும் ஒரு ஜோடியில முக்கால் ஆம்பியர் வராது, இதுல நாலு மோட்டார் எங்க சுத்த? பேட்டரியை கீழயே வைங்க, மேல இருந்து சிக்னல் மட்டும் போகட்டும்.

கிணத்துத்தவளை:
மணி அண்ணன் சொன்னதுல ஒண்ணு விட்டுட்டார், ஓட்டை. பைப்பை விட அதுல வயர் நுழையிற ஓட்டைதான் ஆளைக் கொல்லும். நான் போன வருஷம் மாமா தோட்டத்துக் கிணத்துல எறக்கினேன், வெறும் 15 மீட்டர். ஓட்டையைச் சுத்தி எபாக்ஸி பசை வச்சு அப்பி, ஒரு நாள் காயவிட்டு, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. மேல தூக்கினா கேமரா கண்ணாடிக்கு உள்பக்கம் துளித்துளியா தண்ணி. எபாக்ஸியில ஒரு கீறல் இல்ல. வெளிய மோட்டார்கிட்ட வயர் உறை ஒரு இடத்துல கிழிஞ்சிருக்கு, தண்ணி அதுல புகுந்து செம்பு இழைகளுக்கு நடுவுல திரியில எண்ணெய் ஏறுற மாதிரி ஏறி நேரா உள்ள வந்திருக்கு! இப்ப ஓட்டைக்குள்ள வர்ற இடத்துல உறையைச் சீவி, வெறும் கம்பியில ஈயம் பாய்ச்சி, அதுக்கு மேலதான் எபாக்ஸி ஊத்துறேன்.

மோட்டாரை சீல் பண்ண மெனக்கெடாதீங்க. கலிபோர்னியாவுல ரெண்டு பேர் ஒரு குகைத் தண்ணிக்குள்ள தங்கம் இருக்குன்ற கதையை நம்பி ஓப்பன்ஆர்ஓவினு ஒரு வண்டி பண்ணாங்களே, 2012ல நிதியெல்லாம் திரட்டுனாங்க, அதுல பிரஷ்லெஸ் (உள்ள கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் தண்ணியிலயே நனைஞ்சுதான் சுத்தும். காயில்ல வார்னிஷ் இருக்கு, பேரிங் மட்டும்தான் துருப்பிடிக்கும், ஏறினதும் நல்ல தண்ணியில அலசிருங்க.

அப்புறம் கிணத்துல மிதப்பு சரி பண்ணிட்டு கடலுக்குப் போனா துள்ளிக்கிட்டு மேல வரும். உப்புத்தண்ணி கனம், 10 லிட்டர் இடம் பிடிக்கிற வண்டிக்கு கால் கிலோ ஈயக்குண்டு கூடப் போடணும்.

திருமலைப்பெடியன்:
நான் திருகோணமலை. 1942ல ஜப்பான்காரன் குண்டு போட்டுத் தாட்ட ஹேர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு வெளியில 53 மீட்டரில கிடக்கு, உங்கட 30 பாகம்தான். அந்த ஆழத்தில வண்டியை விட கேபிள்தான் பிரச்சினை அண்ணை. நீரோட்டம் முழு 100 மீட்டரையும் பிடிச்சு இழுக்கும், வண்டி காத்தாடி மாதிரி பின்னால போகும். மெல்லிசான கேபிள் எடுங்கோ, வலை மிதப்பை வெட்டி இடைக்கிடை கட்டாதேங்கோ, ஆழத்தில அது நசுங்கிக் கேபிள் அடிக்குத் தாண்டு போகும். கேபிளோட ஒரு கயிறும் விடுங்கோ, மாட்டினால் இழுக்கிறதுக்கு.

சால்டரிங்_மணி:
கயிறு பாயிண்ட் நூத்துக்கு நூறு. இன்னொண்ணு, அந்தப் பார் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா எல்லைக்குள்ள வருதானு பாத்துக்கங்க, வந்தா வனத்துறை அனுமதி இல்லாம இறக்காதீங்க.

முதல்ல காலி பைப்பை மூடி, உள்ள டிஷ்யூ பேப்பர் போட்டு, கல்லைக் கட்டி இறக்கிப் பாருங்க. எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அப்புறம்.

உப்புக்காத்து:
அப்டேட். ஏற்கனவே வாங்கின 4 இன்ச் பைப் வீணாப் போகுதேன்னு எட்டு கிலோ கல்லைக் கட்டி ஞாயித்துக்கிழமை இறக்கினேன். 15 பாகம் போயிருக்கும், கயித்துல டொப்புனு ஒரு உதறல், பெரியப்பா மீன் கடிச்சிருச்சுனு நினைச்சார். தூக்கினா நடுவுல சப்பிப்போட்ட கரும்பு மாதிரி இருக்கு. மூடி ரெண்டும் அப்படியே இருக்கு, டிஷ்யூ கூழாயிருச்சு. 2 இன்ச் 10 கேஜி வாங்கியாச்சு. தவளை அண்ணே, ஈயம் பாய்ச்சுற இடம் எத்தனை செ.மீ. விடுறீங்க?