அவுசங்காதே சுற்றுநடை: கெச்சுவா ஊர்களில் எப்படிப் பேசுவது, பழகுவது?

தென்திசை:
ஜூலையில் இரண்டு பேர் பெரு போகிறோம். தின்கியில் தொடங்கி அவுசங்காதே மலையைச் சுற்றி ஐந்து நாள் நடை. சுமைக்கு ஒரு குதிரை, கூட ஒரு குதிரைக்காரர், அவ்வளவுதான். வழியில் இருப்பவர்கள் அல்பாக்கா மேய்க்கும் கெச்சுவாக் குடும்பங்கள் என்கிறார்கள். ஸ்பானிஷ் ஓரளவு வரும். கெச்சுவா சுத்தமாகத் தெரியாது. என்ன கற்றுக்கொள்ள வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும்? ஒருவர் சைவம்.

பனிமேடு:
எந்தக் கெச்சுவா என்று முதலில் பாருங்கள். இணையப் பாடங்களில் பல அயாகுச்சோ வழக்கு. உங்களுக்கு வேண்டியது, அவுசங்காதே இருக்கும் குஸ்கோ பகுதியின் வழக்கு. இதில் ப, த, ச, க ஒலிகள் மும்மூன்று வகை: சாதாரணமானது, மூச்சோடு வருவது, தொண்டையை அடைத்து வெடிப்பது. அயாகுச்சோவில் பின்னிரண்டும் இல்லை. அங்காஷ் பக்கத்துப் பேச்சோ குஸ்கோக்காரர்களுக்கே புரியாது.

நலம் கேட்க "அல்யில்யஞ்சு", பதில் "அல்யில்யன்மி". நன்றிக்கு "சுல்பாய்கி". பெரியவரை "தய்தாய்", பெண்களை "மமாய்" என்று கூப்பிடுங்கள். பெயர் சொல்லி அழைப்பதைவிட இது மரியாதை. தமிழைப் போலவே வினை கடைசியில் வரும், விகுதிகள் அடுக்கிக்கொண்டே போகும், நாம்–நாங்கள் வேறுபாடும் உண்டு. ஆங்கிலம் வழியாகப் படித்துத் திணறுவதைவிட நேராகத் தமிழோடு வைத்துப் படியுங்கள்.

ஆண்கள் பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசுவார்கள். வயதான பெண்கள் சிலருக்குக் கெச்சுவா மட்டும்தான். அந்த நாலு சொல் அவர்களிடம்தான் அதிகம் பயன்படும்.

வீட்டை நெருங்கும்போது கல் வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுங்கள். காவல் நாய்கள் பொல்லாதவை. ஓடாதீர்கள், குனிந்து கல் எடுப்பதுபோல் காட்டினாலே பெரும்பாலும் பின்வாங்கும்.

அங்குள்ளவர்களுக்குக் கொடுக்கக் கொண்டுபோக வேண்டியவை: குஸ்கோ சான் பெத்ரோ சந்தையில் கோக்கா இலை. தின்கி போகும் வழியில் ஒரோபேசா ஊரில் "சுத்தா" என்ற பெரிய வட்ட ரொட்டி. மேலே விளையாத பழங்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் வேண்டாம்: பல் மருத்துவர் கிடையாது, அடுத்து வருபவர்களிடம் கைநீட்டும் பழக்கமும் வரும். படம் எடுக்குமுன் கேளுங்கள்; காசு கேட்டால் அது நியாயமான விலைதான்.

உயரமானி:
பேச்சைவிட உயரம்தான் முதலில் ஆளைக் கவிழ்க்கும். குஸ்கோ 3,400 மீட்டர், தின்கி சுமார் 3,800, பலோமானி கணவாய் 5,100க்கு மேல். விமானம் இறங்கியதும் உருபாம்பா பள்ளத்தாக்குக்கு (2,870) இறங்கி இரண்டு இரவு, பிறகு குஸ்கோவில் இரண்டு, தின்கியில் ஒன்று. 3,000க்கு மேல் தூங்கும் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பது பொதுவிதி. முதல் முகாமான உபிஸ் 4,400, அந்த ஏற்றமே விதியைச் சற்றுத் தாண்டுகிறது என்பதால் தின்கி இரவை வெட்டாதீர்கள். உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை 125 மி.கி. இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் ஆகாது, மருத்துவரைக் கேளுங்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறங்க வேண்டும். சுற்றுப்பாதையின் தென்பகுதியில் அப்படி ஆனால் கணவாய் ஏறித் திரும்பாதீர்கள். சில்கா வழியாகப் பிடுமார்காவுக்கு இறங்கலாம்.

குதிரைக்காரரிடம் கிளம்பும் முன்பே பேசி முடிக்க வேண்டியவை: நாள் கூலி, குதிரைக்குத் தனிக் கூலி, அவர் சாப்பாடும் கூடாரமும் யார் பொறுப்பு. சண்டை வருவது எப்போதும் சாப்பாட்டில்தான். வழியில் ஒவ்வொரு ஊரும் நுழைவுக் கட்டணம் வாங்கும், ரசீதை வைத்திருங்கள். 10, 20 சோல் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள், 100க்குச் சில்லறை கிடைக்காது.

தென்திசை:
நன்றி. கோக்கா கொடுத்தால் வாங்கத்தான் வேண்டுமா? சைவத்துக்கு என்ன செய்வது?

பனிமேடு:
வாங்குங்கள், இரு கையையும் குவித்து. ஒரு கையால் வாங்குவது அலட்சியம். உடையாத மூன்று இலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வாய்க்கு அருகே பிடித்து, மலையை நோக்கி மெல்ல ஊதிவிட்டு வாயில் போடுவது முறை. அந்த மூன்றிலைக்குக் "கின்து" என்று பெயர். அவுசங்காதே அவர்களுக்கு வெறும் சிகரம் இல்லை, அப்பு. நம் மலைக் காவல்தெய்வம் போல. இலையைக் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள், விழுங்க வேண்டாம். கூடத் தரும் சாம்பல் கட்டியை ஈறில் பட வைத்தால் புண்ணாகும். சிச்சா (மக்காச்சோளக் கள்) கொடுத்தால் முதல் சில துளி மண்ணுக்கு, பூமித்தாயான பச்சமாமாவுக்கு. கோக்கா இலையோ தேநீர்ப் பையோ இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள், போதைப்பொருள் சட்டத்தில் வரும். வேலையில் போதைப்பொருள் சோதனை இருந்தால் மெல்லவும் வேண்டாம், காட்டிக்கொடுக்கும். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாலே போதும்.

உயரமானி:
ஸ்பானிஷில் "கார்னே (இறைச்சி) வேண்டாம்" என்றால் கோழி வரும். கோழி, மீன், எலும்பு வேகவைத்த சாறு என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். கெச்சுவாவில் "மனன் அய்ச்சத்தா மிக்ஹுனிச்சு", இறைச்சி சாப்பிடுவதில்லை. ஆனாலும் சூப்பின் அடிச்சாறு ஆட்டெலும்பாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் கேட்பது பத்திரம். 4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது. குஸ்கோவிலேயே ஓட்ஸ், கீன்வா செதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஜூலையில் புல்தரையில் உருளைக்கிழங்கு பரப்பிக் கிடந்தால் மிதித்துவிடாதீர்கள். இரவுப் பனியில் உறையவைத்துச் சுன்யு என்ற உலர்ந்த கிழங்கு செய்கிறார்கள். மிதித்து நீரைப் பிழிவது அவர்கள் வேலை.