அகதியா வந்தவங்களுக்கு எமர்ஜென்சில எத மொதல்ல யோசிக்கணும்?

நைட்டூட்டி:
எமர்ஜென்சில சேந்து ஏழு மாசம் தான் ஆச்சு. நேத்து நைட் ஒருத்தர் இழுப்போட வந்தாரு, நாப்பது வயசு இருக்கும், அகதியா வந்து மூணு வாரம். ஆஸ்துமான்னு முடிவு பண்ணி நெபுலைசர் வச்சுட்டு ப்ரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டு எழுதப் போனேன், சீனியர் சிஸ்டர் என் கையப் பிடிக்காத குறையா "டாக்டர், ஈசினோஃபில் பாத்தீங்களா"ன்னாங்க. புழு இருந்தா ஏர்ற வெள்ளணு அது, பாத்தா 2,100, ரொம்ப அதிகம். வயித்துல செவப்பா ஒரு கோடு வேற, அரிக்குதுன்னு சொறிஞ்சுகிட்டே இருந்தாரு. கோட்டு நுனில பேனாவால புள்ளி வச்சாங்க. ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா கோடு புள்ளியத் தாண்டி நாலு விரல்கடை போயிருக்கு! நல்ல வேளை நெபுலைசர்லயே இழுப்பு அடங்கிடுச்சு. இதெல்லாம் படிச்சப்ப பரீட்சைக்கு ஒரு பாரா, அவ்ளோதான். பத்து நிமிஷத்துல எத மொதல்ல யோசிக்கறது, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பழைய ஸ்டெத்:
ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்ங்கற குடல் புழு தம்பி அது, அந்த நகர்ற கோடு அதோட குட்டி தோலுக்கடியில போற தடம். உடம்புக்குள்ளயே குட்டி போட்டு குட்டி போட்டு முப்பது நாப்பது வருஷம் கூட சத்தமில்லாம இருக்கும், நீ ஸ்டீராய்டு குடுத்த உடனே பெருகி குடலத் துளைச்சுகிட்டு கிளம்பும், கூடவே குடல் பாக்டீரியாவையும் ரத்தத்துக்கு இழுத்துட்டுப் போகும், அப்புறம் செப்சிஸ் (ரத்தத்துல தொற்று), மெனிஞ்சைடிஸ் (மூளை உறைல தொற்று), ஆளே போயிடுவாரு. அந்த ஸ்டேஜ்ல ஈசினோஃபில் நார்மலாக்கூட இருக்கும், அத நம்பி ஏமாறாத. அதுக்காக மூச்சே நிக்கற ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு தராம உக்காந்துடாத, புழு மருந்து ஐவர்மெக்டினையும் சேத்துக் குடு, கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். ஆனா மத்திய ஆப்பிரிக்கா பக்கம் இருந்தவரான்னு கேட்டுட்டுக் குடு. லோவா லோவாங்கற இன்னொரு புழுவோட குட்டி ரத்தத்துல நெறைய இருந்தா ஐவர்மெக்டின் மூளைய பாதிச்சுடும்.

ஸ்லைடு மணி:
லேப்காரன் புலம்பல். காச்சல்னு வந்தா மலேரியா ஸ்மியர் (ஸ்லைடுல ரத்தம் தடவிப் பாக்கறது) ஒண்ணே ஒண்ணு அனுப்பறாங்க, நெகட்டிவ்னதும் வைரல் ஃபீவர்னு வீட்டுக்கு அனுப்பிடறாங்க. 12லருந்து 24 மணி நேரத்துக்கு ஒருக்கா, மூணு தடவை பாக்கணும்ங்க. வைவாக்ஸ்ங்கற மலேரியா வகை ஈரல்ல தூங்கிட்டு மாசக்கணக்கு கழிச்சும் எழுந்து வரும். அதே ஸ்லைடுல சுருள் சுருளா ஏதாவது தெரிஞ்சா பேன் மூலமா வர்ற ரிலாப்சிங் ஃபீவரா (விட்டு விட்டு அடிக்கற பாக்டீரியா காச்சல்) இருக்கலாம், 2015ல எரித்ரியா, சோமாலியா பக்கத்துலருந்து ஐரோப்பா போனவங்ககிட்ட இதக் கண்டுபிடிச்சாங்க. ஆன்டிபயாட்டிக் மொத டோஸ் போட்ட சில மணி நேரத்துல குளிர் நடுக்கம், பிபி இறங்கறதுன்னு ஒரு ஆட்டம் ஆடும், ஊசி போட்டுட்டு வீட்டுக்கு அனுப்பிடாதீங்க.

இருமொழிக்காரி:
நான் டாக்டர் இல்ல, மொழிபெயர்க்கற ஆளு. தயவுசெஞ்சு புள்ளைங்கள வச்சு கேக்காதீங்க. ஒரு அம்மா பையன் பக்கத்துல இருந்தவரைக்கும் இருமலே இல்லைன்னாங்க. அவன வெளிய அனுப்பினதும் முந்தானைல முடிஞ்சு வச்சிருந்த துணியப் பிரிச்சுக் காட்டினாங்க, ரத்தக் கறை. ஏழு மாசமா இருமலாம்! டிபி. அப்புறம், எந்த நாடுன்னு எடுத்த எடுப்புல கேட்டா போலீஸ் விசாரணைன்னு பயந்து பேப்பர்ல இருக்கறதயே ஒப்பிப்பாங்க. எதுக்குக் கேக்கறோம்னு சொல்லிட்டு, எந்த வழியா வந்தீங்க, எங்கெங்க எவ்ளோ நாள் தங்குனீங்கன்னு கேளுங்க. மூத்திரத்துல ரத்தம் போகுதான்னும் நேரடியா கேட்டுடுங்க. ஆத்துப் பக்கம் வளந்தவங்க சில பேரு அது எல்லா பசங்களுக்கும் வர்றதுதானேன்னு சாதாரணமா சொல்லுவாங்க.

பழைய ஸ்டெத்:
@இருமொழிக்காரி அந்த மூத்திர ரத்தம் சிஸ்டோசோமியாசிஸ், ஆத்துத் தண்ணில இருந்து தோல் வழியா புகுற புழுவால வர்ற நோய். கேட்டா ஒழிய சொல்லவே மாட்டாங்க, உண்மை.

நைட்டூட்டி:
இப்ப தான் திரும்பப் போய், போன்ல மொழிபெயர்ப்பாளர வச்சு வழியக் கேட்டேன். பேப்பர்ல ஒரு நாடு தான், வாயால நாலு நாடு சொல்றாரு, அதுல கேமரூன் காட்டுப் பக்கம் ரெண்டு வருஷம் மரம் வெட்டிருக்காரு. ஐவர்மெக்டின் எழுதி வச்சத நிறுத்திட்டேன். லோவா பகல்ல தான் ரத்தத்துல சுத்துமாம், 10லருந்து 2க்குள்ள எடுக்கணும்னு லேப்ல சொன்னாங்க. மணி பன்னெண்டே கால், ஓடறேன்.