அடியில் 1526 என்று பதித்த ஜெர்மன் பியர் ஸ்டைன்: எந்தக் காலத்தது?

மண்கலம்:
ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரப் பழம்பொருள் சந்தையில் வாங்கிய அரை லிட்டர் ஸ்டைன் (கைப்பிடி வைத்த பியர் குவளை) இது. வெளிர் நிற உடம்பு, மதுக்கடைக் காட்சிப் படம், மேலே வழுவழுவென்று மெருகு, பியூட்டர் (வெள்ளீயக் கலவை) மூடி. அடியில் 1526 என்று குழிவாகப் பதித்திருக்கிறது. சற்றுத் தள்ளிச் சின்னதாக 98. பச்சை மையில் சிறகு வைத்த தொப்பியோடு ஒரு தலை, அதோடு ‘மெட்லாக்’ என்ற பெயர், பக்கத்தில் மையிலேயே நான்கு இலக்க எண் ஒன்று. மூடியில் ஒருவர் பெயரும் 1912 என்ற வருடமும் செதுக்கியிருக்கிறது. விற்றவர் 1526ஆம் ஆண்டுப் பொருள் என்கிறார். எதை நம்புவது? மூடி அசல்தானா?

சூளைக்காரர்:
1526 வருடமே அல்ல, வடிவ எண். வில்லராய் & போக் நிறுவனத்தின் மெட்லாக் ஆலையில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் உண்டு. 1526 என்பது நேர் உருளையான சாதாரண உடம்பு. அதன்மேல் பல படங்களை அச்சிட்டு விற்றார்கள். ஜான் பிரான்சுவா போக் மெட்லாக்கின் பழைய மடாலயத்தை வாங்கியதே 1809இல். வில்லராயும் போக்கும் ஒன்று சேர்ந்தது 1836இல். ஆக, விற்றவர் சொன்னதைத் தள்ளிவிடலாம்.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தச் சின்ன 98. குழிவாகப் பதித்த ஈரிலக்க எண்தான் இந்த ஆலையின் வருடக் குறி, அதாவது 1898. ஆனால் அடியில் வேலையாட்களின் குறிகளும் இருக்கும், சரியாகப் படியுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குழி நிழல் தரும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாலும் எண் எழும்பும். மையில் உள்ள நான்கு இலக்க எண் அலங்கார எண். படத்தை அடையாளம் காண வடிவ எண், அலங்கார எண் இரண்டும் சேர்ந்து வேண்டும்.

விளிம்புக்குக் கீழே ஒரு கோடும் ‘0,5 எல்’ என்ற குறியும் இருக்கிறதா?

மண்கலம்:
இருக்கிறது, கைப்பிடிக்குப் பக்கத்தில். அப்படியானால் 1912?

சூளைக்காரர்:
நல்லது. அளவுக்கோடு கட்டாயம் என்ற ஜெர்மன் சட்டம் 1881இல் வந்து 1884 முதல் அமலானது. உங்கள் 1898க்கு இது ஒத்துப்போகிறது.

1912 அன்பளிப்பு வருடமாக இருக்கலாம். மூடிகளைப் பெரும்பாலும் தனிப் பட்டறைகளில் பொருத்தினார்கள். பெயரை எப்போது வேண்டுமானாலும் செதுக்கியிருக்கலாம். உடம்பின் வயதை மூடி சொல்லாது.

மெருகுப்பூச்சு:
கொடுத்த விலை சரிதானா என்று முடிவு செய்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். படத்தின் கோடுகள்மேல் நகத்தை மெதுவாக இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டே போனால் மெருகுக்கு அடியில் அச்சிட்டது. கறுப்புக் கோடு ஒவ்வொன்றிலும் நகம் தடுக்கினால் கீறல் வேலைப்பாடு. பொதுவாக அதற்கே விலை அதிகம். 1526 உடம்பு, மையில் அலங்கார எண், வழுவழுப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுடையது அச்சு வகைதான். கீறல் வகையின் விலையை வைத்து இதை மதிப்பிடாதீர்கள்.

ஈயப்பட்டறை:
மூடிக்கு வருகிறேன். கைப்பிடியின் தலையைச் சுற்றி ஒரு பியூட்டர் வளையம் இருக்கும், அதை லூப் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள். வளையத்தின் ஓரத்தில் பழைய வளையம் விட்ட தடமோ, வெள்ளைச் சுண்ணாம்புப் பொடியோ, மற்ற இடங்களைவிடப் பளிச்சென்று ஈயக் கட்டியோ தெரிந்தால் கழற்றி மாட்டியது, அல்லது உடைந்து பற்றவைத்தது. வளையத்திலிருந்து கீலுக்குப் போகும் தண்டில்தான் முதலில் முறியும், ஆட்கள் மூடியைத் தடாலென்று பின்னுக்குத் தள்ளுவார்கள். தண்டின் தடிமன் நடுவில் திடீரென மாறினால் அங்கே ஒட்டு.

மூடி விளிம்பில் சுற்றிலும் சமமாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் தூக்கி நின்றால் வேறு ஸ்டைனுடையதாக இருக்கலாம். செதுக்கிய எழுத்துப் பள்ளத்தில் கறுத்த அழுக்கும் மழுங்கிய ஓரமும் இருந்தால் பழையது. ஓரம் கூராக இருந்து பள்ளம் மினுங்கினால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து புற ஊதா டார்ச், 365 நானோமீட்டர் வகை, இருட்டறையில். பழைய மெருகு மங்கலாகக் கிடக்க, பிற்காலத்தில் பூசிய பெயின்டும் பசையும் தனியாக ஒளிரும். விளிம்பு, கைப்பிடி ஒட்டும் இடங்கள், அடி ஓரம், இந்த மூன்றிலும்தான் பழுதை மறைப்பார்கள். பிறகு விரல் கணுவால் தட்டுங்கள். மூடியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அதன் சத்தம் குழப்பிவிடும். கணீரென்றால் நல்லது, மொத்தென்று கேட்டால் மயிரிழை விரிசல். டார்ச் சோதனைக்கு முன் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பழைய பசை இளகி விட்டுப்போகும்.

மண்கலம்:
ஒளிர்வு எங்கும் இல்லை, வளையம் சுத்தம். அதே கடையில் ‘ஜெர்மனி’ முத்திரை போட்ட ஒன்றும், படைப்பிரிவுப் பெயரோடு பீங்கானில் ஒன்றும் இருந்தன. பார்க்கலாமா?

சூளைக்காரர்:
‘ஜெர்மனி’ முத்திரை ஏற்றுமதிக்கானது. அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டப்படி 1891 முதல் நாட்டின் பெயர் வேண்டும். உள்ளூரில் விற்றவற்றில் அது இருக்க வேண்டியதில்லை, ஆகவே முத்திரை இல்லை என்பதால் பழையது என்று எண்ணாதீர்கள். ‘டி.ஆர்.ஜி.எம்.’ (ஜெர்மனியில் பதிவு செய்த பயன்பாட்டு வடிவமைப்பு என்ற குறி) இருந்தால் 1891க்கு முந்தியதாக இருக்க முடியாது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது.

மெருகுப்பூச்சு:
பீங்கான் ஒன்றை மூடி திறந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள், அடியில் ஒரு படம் தெரியும். அசல் ராணுவ ஸ்டைன்களில் காதலர் விடைபெறும் காட்சி, மதுக்கடை போன்றவை வரும். நிர்வாணப் பெண் தெரிந்தால் பிற்காலப் போலி, அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அசலில் பெரும்பாலும் கூட இருந்த வீரர்களின் பெயர்ப் பட்டியல் பக்கவாட்டில் இருக்கும். மூடியிலும் உடம்பிலும் உள்ள படைப்பிரிவு எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.