நியூமோகொக்கல் தடுப்பூசி வன்னியில் எங்கே போடலாம்?

வணக்கம் உறவுகளே, புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். அம்மா இன்புளுவென்சா காய்ச்சல் விட்டு, கஞ்சி கேட்டுக் குடிக்குமளவு தேறியிருந்தார். பிறகு திடீரென்று நடுக்கத்தோடு திரும்பக் காய்ச்சல், துருநிறத்தில் சளி, மூச்செடுத்தால் நெஞ்சில் குத்து. பக்டீரியா நியூமோனியா, அதாவது பக்டீரியாவால் வரும் நுரையீரல் அழற்சி. வைரஸ் சுவாசக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கிவிட, பக்டீரியா சுலபமாக இறங்கிவிடுமாம். 1918இல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாப் பெருங்காய்ச்சலில் இறந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றதும் இதுதான் என்றார் டொக்டர். ஒட்சிசனும் அன்ரிபயோட்டிக்கும் ஏற்றி, இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்.

கேட்க வந்தது அப்பாவுக்காக. வயது 70 தாண்டிவிட்டது, சீனி வருத்தமும் உண்டு. நியூமோனியாவுக்கு முக்கிய காரணமான நியூமோகொக்கஸ் பக்டீரியாவுக்கு எதிரான நியூமோகொக்கல் தடுப்பூசியும், ப்ளூ (இன்புளுவென்சா) ஊசியும் போடச் சொல்கிறார்கள். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் தனியாரிடம் கிடைக்குமா, யாழ்ப்பாணம்தான் போகவேணுமா? விலை என்ன? அண்மையில் போட்டவர்கள் சொல்லுங்கோ. கொத்தமல்லி எல்லாம் அவித்தாயிற்று, அந்த ஆலோசனை மட்டும் வேண்டாம்.